இடது ஓரத்தில் ஒரு காலி இடம்

பாபு,

அம்மா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே மீட்டிங் என்பாய். இல்லையென்றால் சிரிப்பாய். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ சிரித்துவிட்டால், மேற்கொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. காகிதம் என்றால் நீ சிரிப்பது என் காதில் விழாது, அது ஒரு சௌகரியம். பள்ளிக்கூடத்தில் உனக்குத் தெலுங்கு. தமிழ் எழுத்தை நான்தான் அடுப்பு வேலைக்கு நடுவே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மளிகைச் சீட்டு எழுதவாவது உதவும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இதை சிரீஷாவுக்கும் வாசித்துக் காட்டு. பாவம், அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்த வீட்டுக்கு வரப்போகிறவளிடம் மறைக்க ஒன்றுமில்லை.

நேற்று போனில் இரண்டு விஷயம் சொன்னாய். ரேணிகுண்டாவில் விமானம் இறங்கியதும் நேராகச் சித்தூர் வந்து, நைனா காலில் விழுந்துவிட்டு, எல்லோரும் ஒரே காரில் திருப்பதி மண்டபத்துக்குப் போகலாம் என்றாய். அப்புறம், ரப்பர் செருப்பில் நடந்து நடந்துதான் உன் முட்டி போய்விட்டது, புனேவில் எல்லா அம்மாக்களும் ஷூ போட்டுத்தான் நடக்கிறார்கள், உனக்கு நல்லதாக ஒன்று வாங்கி வருகிறேன் என்றாய். இரண்டுக்கும் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்தேன். ஷூவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் விஷயத்துக்கு என் பதில் இது: சித்தூருக்கு வராதே. இறங்கியதும் நேராகத் திருப்பதிக்குப் போய்விடு. நான் மட்டும் பஸ் ஏறி வந்து சேருகிறேன். உன் நைனா கல்யாணத்துக்கு வரமாட்டார். அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் இல்லாமல் பிள்ளைக்குக் கல்யாணமா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். கேட்கட்டும், நான் ஏதாவது பொய் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது நல்ல உச்சி வெயில். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. ரோட்டில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, ஊரெல்லாம் மாம்பழக் கூழ் வாசனை. நான் பின்பக்க ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். தலையைத் தூக்கினால் வேப்பமரம், அதற்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானம். அதன் நடுவில் உன் நைனா நிற்கிறார். இந்த வெயிலில், இந்தியாவுக்காக ஆடப் போனபோது கொடுத்தார்களே, அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கழுத்தில் விசில், கையில் ஹாக்கி மட்டை. ஒரு சொட்டு வியர்வை இல்லை. மைதானத்தில் வேறு யாரும் இல்லை என்றுதான் உன்னிடம் சொல்லியிருப்பேன், போன வருஷமாக இருந்தால்.

உன் நைனாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோக்கள்தான். ராமகுப்பம் பக்கத்தில், அடுத்தவர் கொட்டகையில் பட்டுப்புழுவுக்கு இலை போட்டுக் கூலி வாங்கிய வீட்டுப் பிள்ளை அவர். புழுவுக்கு வளர்க்கிற மல்பெரியில் வளைந்த கிளை ஒன்றை ஒடித்துத்தான் முதலில் ஆடினாராம். பிறகு கடையில் வாங்கிய மட்டையும் அதே மரத்தில் செய்ததுதான் என்று தெரிந்தபோது, காசு கொடுத்து ஏமாந்துவிட்டேன் என்று சிரித்தாராம். இந்தியா சட்டை போட்டு வெளிநாட்டுக்கெல்லாம் போனார். சம்பளம் என்று ஒரு பைசா கிடையாது. கோட்டும் ஒரு ஜோடி ஷூவும் கொடுத்தார்கள். திரும்பி வந்து பாகாலா ஜங்ஷனில் பாசஞ்சரை விட்டு இறங்கியபோது, இவர் கேப்டனாக இருந்த நம் ஊர் டீம் பையன்கள் சாமந்தி மாலையோடு நின்றிருந்தார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "இண்டியா டீமு கவர்மெண்டுது. இதுதான் நம்முது" என்பார். பிறகு இந்தப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் ஆனார். பிள்ளைகளுக்கு ஹாக்கி சார். ஊருக்கும் அதுதான் பெயர்.

நான் நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள். எந்தத் தறியில் இழை அறுந்தது என்று அடுத்த அறையிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். கட்டிக்கொண்டு இங்கே வந்ததும் அந்தச் சத்தம் இல்லாமல் காது அடைத்துப் போயிற்று. அதற்குப் பதிலாக டொக், டொக் என்று பந்துச் சத்தம். கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது. காய் நறுக்கிக்கொண்டே, இது இவர் அடித்தது, இது பிள்ளைகள் அடித்தது என்று பிரித்துவிடுவேன். என் காதை நீ நம்பவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்லவேண்டும் இல்லையா, ஒன்று சொல்கிறேன். நான் ஒருவரைக் கட்டிக்கொண்டதாக நினைத்துத்தான் இங்கே வந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் டீமே வந்து இறங்கிவிடும். பலமனேரிலிருந்து முனிரத்னம், பாகாலாவிலிருந்து ரெட்டி, திருப்பதியிலிருந்து கோல் கீப்பர் பாஷா. எல்லோருக்கும் சோறு வடிக்க வேண்டும், சட்டை தைக்க வேண்டும், முதுகில் நம்பர் வைக்க வேண்டும். முதல் வருஷம் நான் அழாத ஞாயிறு இல்லை. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. வந்தவர்களை வெளியே தள்ள முடியாது, நாம்தான் உள்ளே ஓர் இடம் பிடித்து உட்காரவேண்டும். சிரீஷாவுக்கும் உன்னோடு ஏதாவது ஒரு கூட்டம் சேர்ந்து வரும். அவளோடும் வரும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

இனி சொல்லப்போவது உனக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் நினைவுபடுத்துகிறேன், இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் நைனா மட்டையை ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுப்பார். கொடுக்கும்போது எந்த இடம் என்று சொல்வார். வாங்கிக்கொண்டால் ஆட்டத்தில் சேர்ந்தாயிற்று, முடியும்வரை வெளியே போகக்கூடாது. பிறகு சின்னதாக ஒரு விசில். அதைக் கேட்டதும் அவனவன் தன் இடத்துக்கு ஓட வேண்டும். டீமில் நடத்திய அதே முறையைத்தான் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவந்தார். அதில் ஒன்றே ஒன்றைக் கூடச் சேர்த்தார். ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் எந்தப் பிள்ளையாவது தடுமாறும், மற்றதெல்லாம் சிரிக்கும். அப்போது கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவார். "மெதுவா கட்டு. ரெடி ஆனதும் நீயே ஊது" என்பார். அதுவரை வகுப்பு மொத்தமும் அப்படியே நிற்கவேண்டும். தாமதமாகிறவன் கையில்தான் விசில் இருக்கவேண்டும் என்பது அவர் சட்டம்.

டீமில் லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓரத்தில் ஓடுகிறவன், சின்ன வயதிலேயே கல்ஃபுக்குப் போனவன். அப்புறம் சேதியே இல்லை. நீ பிறந்தபோது உன்னைக் கையில் வாங்கி, "என் லெஃப்ட் அவுட்டு வந்துட்டான்" என்றார் நைனா. ஆஸ்பத்திரி ஆயா எல்லாம் திருதிருவென்று விழித்தாள். நீ ஆறாம் வகுப்புக்கு வந்ததும் உனக்குப் பதினோராம் நம்பர் சட்டை தைத்துக் கொடுத்தேன். முதல் நாள் உன் கையில் மட்டையைக் கொடுத்தார். நீ லேஸ் கட்ட உட்கார்ந்தாய். விசிலையும் வாங்கிக்கொண்டாய். கட்டினாய், அவிழ்த்தாய், மறுபடி கட்டினாய். வகுப்பு முடிந்து மணி அடிக்கும்வரை நீ விசிலை ஊதவே இல்லை. உனக்கு ஹாக்கி வேண்டாம் என்பதை உன் நைனாவிடம் நீ சொன்ன விதம் அதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "உம்புள்ள கேடி, என் ரூலை வெச்சே என்னை உட்கார வெச்சிட்டான்" என்று சிரித்தார். ஆனால் சாப்பிடவில்லை. உன்னை மறுபடி ஒருநாளும் ஆடக் கூப்பிடவும் இல்லை, அந்த மட்டில் அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ரிட்டையர் ஆகிச் சில வருஷத்தில் மறதி வந்தது உனக்குத் தெரியும். திருப்பதி டாக்டர் என்ன சொன்னார் என்பதும் தெரியும். மாத்திரை கொடுத்தார், கதவைப் பூட்டி வையுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை, எல்லாம் மறதி நோய்தான். டாக்டர் சொல்லாதது மற்றதெல்லாம்.

போன வருஷம் மாங்காய்க் காலம் முடிகிற நேரம். உன் நைனா கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார். நான் பின்வாசலில் நின்று பார்த்தேன். நடுவில் நின்று, மட்டையை முன்னால் நீட்டி, "முனிரத்னம், ரைட் ஹாஃப்" என்றார். கொடுக்கும்போது விரல் திறக்குமே, அப்படித் திறந்தது. மட்டை கீழே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. நான் கண்ணைச் சிமிட்டியிருப்பேன் போலிருக்கிறது, மறுபடி பார்த்தபோது மட்டை அவர் கையில் இருந்தது. சின்னதாக விசில் ஊதினார். சாயங்காலம் பலமனேரிலிருந்து போன் வந்தது. முனிரத்னம் தக்காளி மண்டியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வயதானவர்தானே என்று நினைத்துக்கொண்டேன். உனக்கும் அப்படித்தான் சொன்னேன். அப்புறம் ரெட்டி. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக, பாஷா மாமாவைத் தவிர எல்லோரும். ஒவ்வொரு முறையும் மதியம் நைனா மட்டையை நீட்டுவார், சாயங்காலமோ மறுநாளோ போன் அடிக்கும். கடைசியில், போன் அடித்தால் யார் என்று கேட்காமலே, எந்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பந்து திரும்பி வர ஆரம்பித்ததும் அப்போதுதான். அவர் வலது பக்கம் அடிப்பார், பந்து வேப்பமரம் வரைக்கும் உருண்டு, நின்று, திரும்பி அவரிடமே வரும். தரை சரிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியாதா? வேப்பமரத்தைப் பார்த்துத்தான் ஓடும். திரும்பி வரும் பந்தில் ஒரு சத்தம் இருக்கும் பார், டொக் என்று. அது அவர் அடித்த சத்தம் இல்லை. ஆளுக்கு ஆள் அந்தச் சத்தம் வேறு. முனிரத்னம் அடிக்கிற விதத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் கிழவியின் பிரமை என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன், பாஷா மாமா வரும்வரை. உன் கல்யாணத்துக்கு மண்டபம் பேசி முடித்துவிட்டு, ஒரு பொட்டலம் இனிப்போடு பஸ் ஏறி வந்தார். பின்வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "வதினா, உம்புள்ள கல்யாணத்துல நான் டான்ஸ் ஆடாம போமாட்டேன், சூடு, பாத்துக்கோ" என்றார். அப்போது நைனா எழுந்து, மட்டையை அவர் முன்னால் நீட்டினார்.

"பாஷா, கோலு."

பாஷா மாமா டீயைக் கீழே வைத்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் பாபு, இருபது வயதுப் பையன் முகம். கேப்டன் நீட்டின மட்டையை வாங்காமல் இருக்க அந்த டீம்காரர்களுக்குத் தெரியாது. "குடு கேப்டன், கோலைத் தவிர எனக்கு வேற எந்த எடம் கீது?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். வேண்டாம் என்று கத்தவேண்டும் என்று தோன்றியது, என்னவென்று சொல்லிக் கத்துவது? நைனா விசில் ஊதினார். பாஷா மாமா முட்டி வலிக்காரர், விசிலுக்குக் கட்டுப்பட்டு ஓடினார். கோல் கம்பங்களுக்கு நடுவில் போய்க் கையை விரித்து நின்று, ஒரு பந்தைக் காலால் தடுத்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, மட்டையை நைனா பக்கத்தில் சாய்த்துவிட்டு மீதி டீயைக் குடித்தார். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வாரம் திரும்பவில்லை, திருப்பதியிலிருந்து போன். நீ போனில் அழுதாய். நான் உன்னிடம் மட்டை விஷயத்தைச் சொல்லவில்லை.

கோல் கம்பத்துக்குப் பின்னால் பள்ளிக்கூட மதில் இருக்கிறதே, நைனா அடிக்கிற பந்து அதில் மோதிப் பெரிய சத்தம் வரும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பாஷா மாமா போனதிலிருந்து மதிலில் பந்து மோதுகிற சத்தம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நைனா அடிக்காமல் இல்லை. தினமும் அடிக்கிறார். பந்து கம்பங்கள் வரைக்கும் போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது.

இப்போது எல்லா இடத்துக்கும் ஆள் வந்துவிட்டது. நடுவில் கேப்டன் இவர். இடது ஓரம் மட்டும் காலி. அந்தப் பக்கம் அடிக்கிற பந்து திரும்பி வருவதில்லை, எல்லைக் கோட்டைத் தாண்டி முள்ளுக்குள் போய்விடும். காலை இழுத்துக்கொண்டு தானே போய் எடுத்து வருகிறார். கோட்டெல்லாம் முள் கிழித்திருக்கிறது. போன வாரம், முள்ளிலிருந்து பந்தோடு வந்தவர் என்னிடம், "பாபு எப்ப வர்றான்?" என்றார்.

"கல்யாணத்துக்கு வருவான். எதுக்குக் கேக்கறீங்க?"

"அன்னிக்கே குட்த்துர்லாம். எத்தினி நாளுதான் லெஃப்ட்டு காலியா கெடக்கும்? எல்லாரும் வந்து நின்னுக்கினு கீறாங்க இல்ல?"

பெயர் மறந்து, ஊர் மறந்து, என்னைச் சில நாள் அக்கா என்று கூப்பிடுகிற மனிதர், உன் கல்யாணத்தை மட்டும் மறக்கவில்லை. சந்தோஷமாகக் கேட்கிறார் பாபு, அதுதான் கொடுமை. உன் மேல் அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. நீ வாசலில் குனிந்து காலைத் தொட்டு எழுந்ததும் மட்டையை நீட்டுவார். கல்யாணக் கோலத்தில் நிற்கிற பிள்ளை, அப்பா கொடுப்பதை வேண்டாம் என்பானா? அதிலும் புத்தி தப்பிய அப்பா. "சரி நைனா" என்று ஆசையாக வாங்கிக்கொள்வாய். உன் மனசு எனக்குத் தெரியும்.

மட்டையை ஒளித்து வைக்கலாமே என்பாய். படுக்கையிலும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். விசிலை ஒரு தரம் கழற்றி ஒளித்தேன். சோறு துன்னமாட்டேன் என்று பிடிவாதம், வீடு முழுக்கத் தேடித் தேடிக் குழந்தை மாதிரி அழுகை. பார்க்கச் சகிக்காமல் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் வராதே என்கிறேன். என்னைப் பாவி என்று நினைத்தாலும் சரி. அவரை இங்கே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விட்டு

பாதியில் எழுந்து போக வேண்டியதாயிற்று. ஜன்னல் வெளிச்சம் மறைந்தது, நிமிர்ந்தால் உன் நைனா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை இல்லை. என் தோளுக்குப் பின்னால், நீ சின்ன வயதில் உட்கார்ந்து எழுதிப் பழகிய மூலையை. "பாபு, வா" என்றார். அங்கே யாரும் இல்லை, நான் திரும்பிப் பார்த்தேன். ஆனால் திரும்பவே பயமாக இருந்தது என்பது நிஜம். அவர் ஜன்னலை விட்டுப் பின்வாசலுக்கு நடந்தார். அவருக்குப் பின்னால், ஆளே இல்லாத மைதானத்தில், யாரோ வரிசையாக நின்று இந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி ஓர் அமைதி. லாரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தறி எல்லாம் ஒரே சமயத்தில் நின்றால் அப்படி இருக்கும்.

நான் போய்ப் பின்வாசலில் நின்றேன். என்னைத் தாண்டி உள்ளே கை நீட்டினார்.

"பாபு, லெஃப்ட் அவுட்டு."

எனக்கு அந்த நிமிஷம் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது பாபு. இத்தனை வருஷம் இவர்களுக்கு வடித்துக் கொட்டியவள், சட்டை தைத்தவள், ஒவ்வொருத்தன் இடத்தையும் நம்பரையும் மனப்பாடமாக வைத்திருப்பவள். ஒருநாள் ஒருத்தராவது என்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்களா? பிள்ளைதான் வேண்டுமாம், பிள்ளை. கையை நீட்டி மட்டையை நானே வாங்கிவிட்டேன். கைப்பிடி சில்லென்று இருந்தது, அவ்வளவு நேரம் வெயிலில் இருந்த மட்டை.

"இன்னாங்க பாக்கறீங்க? லெஃப்ட் அவுட்டு நான்தான்" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னை அடையாளம் தெரிந்து பார்த்த பார்வை அது, சத்தியமாகச் சொல்கிறேன். "நீயா மே?" என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ம், ஓடுவ, நீ ஓடுவ" என்று தலையாட்டிவிட்டு விசிலை உதட்டில் வைத்தார்.

அந்த ஒரு நொடியில் எனக்கு யார் நினைவு வந்தது தெரியுமா? பதினோராம் நம்பர் சட்டையோடு புழுதியில் உட்கார்ந்து, கட்டினதை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிய ஒரு கேடிப் பையன். தொப்பென்று அங்கேயே படியில் உட்கார்ந்தேன். "சார், சார், இருங்க. லேஸ் கட்டிக்கினு வர்றேன்" என்றேன்.

விசில் உதட்டிலேயே நின்றது. ஊதவில்லை. எத்தனை மறந்தாலும் அவருடைய சட்டத்தை அவர் மறக்கவில்லை. கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். அந்தப் பக்கம் மைதானத்தைப் பார்த்து, "யாரும் சிரிக்கக் கூடாது" என்று அதட்டினார், வகுப்பில் அதட்டுகிற அதே குரல். பிறகு குனிந்து என் உள்ளங்கையில் விசிலை வைத்தார். "மெதுவா கட்டு. ரெடி ஆனதும் நீயே ஊது" என்றார்.

பிறகு உள்ளே வந்து கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பசிக்கிறது என்றார். சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு இப்போது கூடத்தில் தூங்குகிறார். மட்டை என் நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. அதைத் தேடவே இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

ஆகையால் முன்னால் எழுதியதை எல்லாம் விட்டுவிடு. அடித்துத் திருத்தாமல் அப்படியே அனுப்புகிறேன், நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் உனக்குத் தெரியட்டும். நீ ரேணிகுண்டாவில் இறங்கி நேராக வீட்டுக்கு வா. சிரீஷாவையும் கூட்டி வா. அவர் காலில் விழு, பயப்படாதே, உனக்குக் கொடுக்க அவர் கையில் இனிமேல் ஆசீர்வாதம் மட்டும்தான் இருக்கிறது. ஒரே காரில் திருப்பதிக்குப் போவோம். மண்டபத்தில் அவர் மேடையில் உட்காருவார், அந்தக் கோட்டின் கிழிசலை நான் தைத்து வைக்கிறேன். ஆள் நிறைந்து ஆட்டம் ஆரம்பித்தால் கேப்டனும் இங்கே நிற்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆட்டம் ஆரம்பிக்க என் விசில் வேண்டும். அது அரிசி டப்பாவுக்குள் அடியில் இருக்கிறது. எல்லோரும் அங்கே வெயிலில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லையா, இருக்கட்டும்.

உனக்கும் சிரீஷாவுக்கும் நான் சொல்ல வேறு புத்திமதி இல்லை. இரண்டு பேரில் யாருக்கு நேரம் வேண்டுமோ, அவர் கையில் விசிலைக் கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் நிற்கவேண்டும். என்ன இவ்வளவு நேரம் என்று கேட்கக் கூடாது. உன் நைனாவுக்கும் எனக்கும் நடுவில் உருப்படியாக இருந்தது அந்த ஒன்றுதான், இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கல்யாண வீட்டில் நாலு பேர் வருவார்கள், அடுப்படியில் ஆளாளுக்குக் கை வைப்பார்கள். அரிசி அளக்க யார் எழுந்தாலும் என்னைக் கூப்பிடு. சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே.

கடைசியாக அந்த ஷூ. எனக்குப் பட்டுப் புடவை வாங்கு, கண்ணாடி மாற்று, முட்டிக்குத் தைலம் வாங்கி வா, எது வேண்டுமானாலும் வாங்கி வா. ஷூ மட்டும் வாங்காதே. எனக்கு ஷூவே கிடையாது என்பது அவருக்கு நினைவில்லை. நான் இன்னும் லேஸ் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா